வரையத் தெரியாதவருக்கு ஓவியச் சிகிச்சை எதற்கு?

"அம்மா இறந்து ஏழு மாதமாகிறது. அழுகையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மனநல கவுன்சிலர் ஆர்ட் தெரபிக்குப் போய்ப் பாருங்கள் என்கிறார். எனக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காக வராது. படம் வரைந்தால் மனசு சரியாகுமா, இல்லை இது பொழுதுபோக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் பல வருடங்களாக வேலை செய்பவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கவுன்சிலர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாகப் பேச்சே வராத ஒருவருக்கு இது யோசித்துச் சொன்ன வழி.

அந்த வட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் தடவை வருகிறவர்களில் பெரும்பாலானோர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்வது, "எனக்கு வரைய வராது" என்பதைத்தான். சின்ன வயதில் யாரோ ஒருவர் படத்தைப் பார்த்து "இது மாடா, நாயா?" என்று கேட்டுச் சிரித்திருப்பார். அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்தவர்கள் இவர்கள். உண்மையில் நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் சிரமம். படம் அழகாக வரவேண்டும் என்ற கவனம் அவர்களை விடாது, மனசு வெளியே வருவதற்குள் கை திருத்த ஆரம்பித்துவிடும். வரையத் தெரியாதவர் கிறுக்குவார். எங்களுக்கு வேண்டியது அந்தக் கிறுக்கல்தான்.

இதை ஆராய்ச்சியாகவும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பெரியவர்களை அழைத்து, 45 நிமிடம் மார்க்கர், களிமண், கொலாஜ் என எதை வேண்டுமானாலும் வைத்து எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். கார்ட்டிசால் என்பது நாம் பதற்றமாக இருக்கும்போது உடம்பில் கூடும் ஹார்மோன். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2016-இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை, அதனால் இதைக் காட்டி பெரிதாக எதையும் நிரூபித்துவிட முடியாது. இருந்தாலும் உங்கள் வட்டத்தைப் பற்றிய கவலைக்கு இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த அறையில் என்னதான் நடக்கும்? ஒரு மேசை, பல அளவுகளில் தாள், பென்சில், க்ரேயான், பேஸ்டல், வாட்டர்கலர், களிமண், கிழித்து ஒட்டப் பழைய பத்திரிகைகள். சிகிச்சையாளர் முதலில் சும்மா பேசுவார். வாரம் எப்படிப் போனது, தூக்கம் வருகிறதா என்று கேட்பார். அப்புறம் எதையாவது எடுத்துச் செய்யச் சொல்வார். சில சமயம் ஒரு தலைப்பு தருவார், பல சமயம் தரமாட்டார். இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ நீங்கள் வேலை செய்வீர்கள், அவர் பக்கத்தில் இருப்பார். செய்து முடித்த பிறகு அதைச் சுவரில் ஒட்டியோ தரையில் வைத்தோ, இருவரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பீர்கள். "இதில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?" "இந்த மூலையை அப்படியே விட்டுவிட்டீர்களே, அங்கே என்ன இருக்கிறது?" என்பது போன்ற கேள்விகள் வரும். பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஒரு காட்சி சொல்கிறேன். ஒரே ஆளின் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பலரிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். உங்களைப் போலவே அம்மாவை இழந்த ஒருவர். எல்லோரிடமும் "பரவாயில்லை, சமாளிச்சுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கறுப்பு க்ரேயானை எடுத்துத் தாளை நிரப்ப ஆரம்பிக்கிறார். உருவம் ஒன்றும் இல்லை, மேலும் கீழுமாகக் கோடுகள்தான். அழுத்தம் கூடிக்கொண்டே போய் க்ரேயான் உடைகிறது. உடைந்த துண்டை எடுத்து மறுபடியும் தேய்க்கிறார். நிறுத்திவிட்டு "கை வலிக்குது" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "வியாதியை ஏன் எங்ககிட்ட மறைச்சாங்க?" என்கிறார். ஏழெட்டு மாதமாக எல்லோரும் அவருடைய துக்கத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குள் இருந்ததோ கோபம். செத்துப்போன அம்மாவிடம் கோபப்படலாமா என்ற குற்ற உணர்ச்சி அதன் மேல் மூடியாக உட்கார்ந்திருந்தது. வாய் சொல்ல மறுத்ததைக் கை முதலில் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் வந்தவர், "இதைவிடப் பெரிய தாள் இருக்கா?" என்று கேட்டார்.

இதில் சிகிச்சையாளர் செய்தது என்ன என்று பாருங்கள். "கறுப்பு என்றால் மன அழுத்தம்" என்று அவர் சொல்லவில்லை. க்ரேயான் உடைந்ததும் பதறி வேறு நிறம் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்தார், பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது வெளியே வரக் கருவி வேண்டும், வந்ததைத் தீர்ப்புச் சொல்லாமல் பார்க்கும் ஒரு கண்ணும் வேண்டும். நான் இத்தனை வருடங்களில் புரிந்துகொண்டது இதைத்தான். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது சிகிச்சை ஆகாது.

பேச்சு ஏன் நின்றுபோகிறது என்பதற்கு உடல் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. கடும் அதிர்ச்சியை அனுபவித்தவர்களிடம் அந்த நிகழ்வை நினைவுபடுத்தியபடி மூளையைப் படம் எடுத்த ஆய்வு ஒன்று 1996-இல் வந்தது. ஸ்காட் ரவுச் குழுவினர் செய்தது, மிகச் சில பேரை வைத்துத்தான். அந்த நேரத்தில், சொற்களைக் கோத்துப் பேச உதவும் ப்ரோக்கா பகுதியின் செயல்பாடு குறைந்தது, காட்சிகளைக் கையாளும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. சில நினைவுகள் வாக்கியமாக இல்லாமல் காட்சியாகவும் உடல் உணர்வாகவுமே தங்கியிருக்கின்றன என்று நாங்கள் சொல்வதற்கு இதுபோன்ற ஆய்வுகள் ஓரளவு துணை நிற்கின்றன. "தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு" என்று சொல்பவரிடம் அது என்ன துக்கம் என்று கேட்டால் பதில் வராது. அந்த அடைப்பு என்ன நிறம், எவ்வளவு பெரிது, கல்லா பஞ்சா என்று கேட்டால் உடனே வரும். அப்படி வந்ததற்குப் பிற்பாடு பெயர் வைப்பதும் முக்கியம். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் கொதிப்பு தணிவதை மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் காட்டினார்கள். ஆகவே பேச்சுக்குப் பதிலாகப் படம் என்று எண்ண வேண்டாம். பேச்சுக்குப் போகும் பாதையில் படம் ஒரு படிக்கட்டு.

படத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது உங்களுக்கு வெளியே இருக்கும். மனசுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதை உங்களால் தள்ளி நின்று பார்க்க முடியாது, ஏனென்றால் நீங்களே அதற்குள் இருக்கிறீர்கள். தாளுக்கு வந்துவிட்டால் அதைத் திருப்பி வைக்கலாம், மூடி வைக்கலாம், மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடுகிறது, தாள் இருக்கிறது. பத்துப் பதினைந்து படங்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பி வைத்து, "நான் இங்கேயா இருந்தேன்?" என்று ஒருவர் தானே கேட்டுக்கொள்ளும் நேரம் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், வெளியில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எதைக் கையில் எடுக்கிறோம் என்பது மனசை மாற்றும். பென்சில், கலர் பென்சில், மார்க்கர் எல்லாம் சொன்னபடி கேட்கும், கோட்டுக்குள் நிற்கும், பென்சில் கோட்டை அழிக்கவும் செய்யலாம். பதற்றம் அதிகம் உள்ளவருக்கும், எல்லாம் கை நழுவிப் போய்விட்டது என்று உணர்பவருக்கும் இவை பாதுகாப்பு தரும். வாட்டர்கலர் நேர் எதிர். தண்ணீர் ஓடும் இடத்துக்கு நிறம் ஓடும். இறுகிப் போனவரை அது தளர்த்தும், ஏற்கெனவே உணர்ச்சியில் மூழ்கிக்கொண்டிருப்பவரை இன்னும் மூழ்கடிக்கவும் செய்யும். களிமண்ணை அடிக்கலாம், பிசையலாம், பிய்க்கலாம், மறுபடி உருட்டிச் சேர்க்கலாம். வார்த்தையே இல்லாமல் கோபத்தை வாங்கிக்கொள்ளும் பொருள் அது. சாண்ட்ரா காகின், வீயா லூஸ்பிரிங்க் என்ற இருவரும் 1978-இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். உடல் அசைவு, புலன் உணர்வு என்ற அடித்தளத்திலிருந்து உருவம், உணர்ச்சி, பிறகு சிந்தனை, குறியீடு என்று படிப்படியாக ஏறும் ஏணி போன்றது அது. எந்தப் படியில் ஒருவர் சிக்கியிருக்கிறார் என்று பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுப்போம். பேச்சும் அழுகையும் வராத உங்களுக்கு நானாக இருந்தால் வாட்டர்கலரை முதல் நாளே கொடுக்கமாட்டேன். க்ரேயானிலோ களிமண்ணிலோ ஆரம்பிப்பேன்.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது பொழுதுபோக்கா என்ற உங்கள் சந்தேகம் பாதி தீரும். ஆட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-இல் காசநோயால் ஒரு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். படுக்கையிலேயே கண்ணில் பட்டதை வரைந்தார், அது தன்னை மீட்பதை உணர்ந்தார், பிறகு மற்ற நோயாளிகளுக்கும் போரில் காயம்பட்டு வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942-இல் இதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் இதை உளப்பகுப்பாய்வோடு இணைத்தார். படத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் மருத்துவர் இல்லை, வரைந்தவரே என்பதை அவர் விடாமல் வலியுறுத்தினார்.

எனக்கு மிக நெருக்கமானவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்த ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை, இன்றைய செக் நாட்டில் இருந்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே பசியும் நோயும் சூழ்ந்த குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவிய வகுப்பு நடத்தினார். கிடைத்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் வரைய வைத்தார், படத்தில் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்று சொன்னார். மனிதர்களை எண்ணிக்கையாகப் பார்த்த இடத்தில் அவர் கேட்டது பெயரை. 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போகும் முன் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் மறைத்து வைத்திருந்தார். இன்று அவை ப்ராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் உயிர் பிழைக்கவில்லை. ஃப்ரீடலிடம் முன்பு பயின்ற எடித் கிராமர் 1938-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரானார். 'மூன்றாவது கை' என்ற கருத்து அவருடையது. வரைபவரின் போக்கைத் திருப்பாமல், தன் ரசனையைத் திணிக்காமல், தேவையான இடத்தில் மட்டும் உதவும் கை. களிமண் உருவம் சரிந்து விழப்போகிறது என்றால் உள்ளே ஒரு கம்பி வைக்கக் காட்டிக்கொடுப்பது அந்தக் கை. மூக்கைத் திருத்திக்கொடுப்பது அந்தக் கையின் வேலை இல்லை.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. உங்கள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மரத்துக்கு வேர் இல்லை, அதனால் உங்களுக்குப் பாதுகாப்பின்மை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீடு, மரம், மனிதர் வரையச் சொல்லி குணத்தைக் கணிக்கும் சோதனை ஒன்றை ஜான் பக் என்பவர் 1948-இல் கொண்டுவந்தார். அதுபோன்ற கணிப்புகளின் நம்பகத்தன்மையைப் பிற்கால ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஓவியம் எக்ஸ்ரே கிடையாது. ஒருவருக்குச் சிவப்பு ரத்தம், இன்னொருவருக்கு அம்மாவின் புடவை. எது என்று வரைந்தவரைக் கேட்காமல் எப்படித் தெரியும்? சமூக ஊடகங்களில் வரும் 'நீங்கள் தேர்ந்தெடுத்த நிறம் உங்கள் மனதைச் சொல்லும்' வகையறா எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தன்னைச் சொல்ல முதல் தடவை துணிந்த ஒருவரை அது மறுபடியும் வாயடைக்க வைக்கும்.

பலன் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், எல்லோருக்கும் எப்போதும் வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒரு முறை குழுவாக ஓவியச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. கணிசமானவர்கள் ஒரு நாள்கூடக் குழுவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருப்பம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லோரையும் அனுப்பினால் பலன் இருக்காது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தது. நோயைத் தடுப்பதிலும் சமாளிப்பதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்று அது சொல்கிறது. மருந்து தேவைப்படும் நிலையில் மருந்து வேண்டும். இது அதற்குத் துணை.

அப்புறம் பலருக்கும் ஆச்சரியம் தரும் ஒரு விஷயம். சோகத்தை வரைந்து தீர்ப்பதுதான் வழி என்று நினைக்கிறோம். ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் இருவரும் செய்த சோதனைகளில், ஒரு சோகமான நிகழ்வை நினைத்தவர்களில் சிலரை அதையே வரையச் சொன்னார்கள், சிலரை வேறு எதையாவது வரையச் சொன்னார்கள். வேறு எதையோ வரைந்தவர்களின் மனநிலைதான் உடனடியாகக் கூடுதலாகத் தேறியது. குழந்தைகளிடமும் அப்படியே. எனவே வீட்டில் தனியாக உட்கார்ந்து வரையும்போது அம்மாவைத்தான் வரைய வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்க வேண்டாம். ஜன்னல், செருப்பு, காபி டம்ளர் எதை வேண்டுமானாலும் வரையுங்கள். அந்த இருபது நிமிடம் மனசு இளைப்பாறும். வலியை நேராகப் பார்க்கும் வேலை நீண்டது. அதற்கு அறையும் துணையும் வேண்டும். வண்ணம் தீட்டும் புத்தகங்களும் இளைப்பாறும் வகையைச் சேர்ந்தவையே. 'மண்டலா' எனப்படும் வட்ட வடிவக் கோலங்களுக்கும் கட்டம் போட்ட வடிவங்களுக்கும் வண்ணம் தீட்டியவர்களுக்கு, வெறும் தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களைவிடப் பதற்றம் அதிகம் குறைந்ததை 84 மாணவர்களை வைத்து 2005-இல் செய்த ஒரு ஆய்வு காட்டியது. நல்ல விஷயம்தான், அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

தனியாக வரையும்போது பழைய காட்சிகள் திடீரென்று பாய்ந்து வந்து மூச்சுத் திணறினாலோ, கை கால் மரத்துப் போனாலோ, நிறுத்திவிடுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடங்கள், தண்ணீரில் கை கழுவுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் வரைவதற்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மனநல மருத்துவரையோ அவசர உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சியைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். ஓவிய ஆசிரியர் வேறு, ஓவியச் சிகிச்சையாளர் வேறு. பிரிட்டனில் 1964-இலும் அமெரிக்காவில் 1969-இலும் இவர்களுக்கான சங்கங்கள் தொடங்கின. பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். எல்லா நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் இல்லை, அதனால் சில வார வகுப்பு முடித்தவரும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். உளவியலும் கலையும் இரண்டும் படித்தாரா, மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் பணிபுரிந்தார், உங்கள் படங்கள் யாரிடம் இருக்கும், கேட்காமல் யாருக்காவது காட்டுவாரா என்பதையெல்லாம் முதல் நாளே கேட்கலாம். படம் உங்களுடையது. போட்டோ எடுத்து எங்காவது போடுவதற்கு உங்கள் அனுமதி வேண்டும். கேள்விகளால் எரிச்சல் அடைகிறவராக இருந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

முதல் நாள் போகும்போது, "எனக்கு அழுகை வரவில்லை" என்று எங்களுக்கு எழுதினீர்களே, அதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். அம்மாவை வரையச் சொல்லி, உங்களுக்கு இப்போது வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம், நல்ல சிகிச்சையாளர் அதை மதிப்பார். ஒன்றிரண்டு முறை போய்விட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடாமல், ஆறேழு அமர்வு கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி போடுங்கள், பிடிக்காத படத்தைக் கிழிக்காதீர்கள், மடித்து ஒரு கவரில் வையுங்கள். பழைய உடை போட்டுக்கொண்டு போங்கள், களிமண்ணில் கை வைத்தால் சட்டை வரைக்கும் வரும்.